பிள்ளை பெற்றவளின் லீவுக் கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசிக்காமலே கொமண்ட் போட நினைக்கிறவர்கள், அந்த நேரத்துக்கு வீட்டில் அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக் கொண்டால் அதுவே பெரிய உதவி.

"டீச்சர்மார் எந்த நாளும் பிள்ளை பெத்துக்கிட்டு லீவுல. நம்மட பிள்ளைகள்ட படிப்பு நாசமாப் போகுது." பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் எங்கே நடந்தாலும் யாராவது ஒருத்தர் எழும்பி இதைச் சொல்லாமல் கூட்டம் முடிவதில்லை. கிண்ணியாவில் கேட்டிருக்கிறேன், மூதூரில் கேட்டிருக்கிறேன், புல்மோட்டையில் படிப்பிக்கிற கூட்டாளிமாரும் இதையேதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு உட்காருகிற நானாவின் சொந்த மகளும் ஒரு டீச்சராகத்தான் இருப்பார். மகளுக்குப் பிள்ளை கிடைத்தால் மட்டும் "இன்னும் ஒரு ரெண்டு மாசம் போட முடியாதா மகள்" என்று கேட்பதும் அதே நானாதான்.

ஆகவே கணக்கை ஒருமுறை எல்லோரும் பார்க்கிற மாதிரி விரித்துப் போடுவோம்.

கிண்ணியா தள வைத்தியசாலையில் ஒரே நாளில் நாலு பெண்களுக்குப் பிள்ளை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி அரச பாடசாலை ஆசிரியை. ஒருத்தி டவுனில் புடவைக் கடையில் நிற்கிறவள். ஒருத்தி நெல் ஆலையில் கூலிக்குப் போகிறவள். நாலாமவள் குர்ஆன் மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கிற முஅல்லிமா. நாலு பேருக்கும் ஒரே வலி, ஒரே தையல். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு நாலு பேருக்கும் நாலு கணக்கு.

ஆசிரியைக்கு 2005ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க பொது நிருவாகச் சுற்றறிக்கைப்படி முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள். சனி, ஞாயிறு, அரச விடுமுறை இதில் சேராது. அது முடிந்தால் பிள்ளையைப் பார்க்க அரைச் சம்பளத்தில் 84 நாள், அதற்குப் பிறகு சம்பளம் இல்லாமல் 84 நாள். இந்த இரண்டிலும் சனி ஞாயிறும் எண்ணப்படும். கடைசி நாள் வரை வயிற்றைத் தூக்கிக்கொண்டு வகுப்பில் நின்று, முழு 84ஐயும் பிரசவத்துக்குப் பிறகு எடுக்கிறாள் என்றால்கூட, அவள் திரும்பி வரும்போது பிள்ளைக்கு ஏறத்தாழ நாலு மாதம்.

புடவைக் கடைப் பெண்ணுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம். அவளுக்கும் 84 நாள்தான்: பிரசவத்துக்கு முன் 14, பின் 70. வாராந்த விடுமுறையும் போயா நாளும் இதில் சேராது. அவள் திரும்பிப் போகும்போது பிள்ளைக்கு மூன்று மாதம் அளவில்.

நெல் ஆலைப் பெண்ணுக்கு 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். 12 வாரம்: முன் 2, பின் 10. ஞாயிறும் போயாவும் எல்லாம் அதற்குள்ளே அடக்கம். கொடுப்பனவு கூலியின் ஏழில் ஆறு பங்கு. பிள்ளைக்கு இரண்டரை மாதம் ஆகும்போது அவள் திரும்பவும் ஆலையில் நிற்க வேண்டும்.

முஅல்லிமாவுக்கு? பல இடங்களில் ஒன்றுமில்லை. "பிள்ளை கிடைச்சா சொல்லுங்க, வேற ஆளப் போடுறம்" என்பதுதான் அவளுடைய சுற்றறிக்கை.

இந்த நாலு பேருடைய வீட்டுக்கும் வருகிற மிட்வைஃப் மிஸ் ஒரே புத்திமதியைத்தான் சொல்வார்: ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், தண்ணிகூட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். நாலு பேரில் ஒருத்திக்காவது முழுச் சம்பளத்தோடு அந்த ஆறு மாதம் கிடைக்கிறதா? இல்லை. ஆசிரியைக்குக் கிடைக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட இரண்டு மாதம் பாதிச் சம்பளத்தில் இருக்க வேண்டும். வீட்டுக் கடன், வங்கிக் கடன் எல்லாம் யாருடைய சம்பளத்தில் எடுத்தது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சம்பளம் பாதியானாலும் கடன் கழிவு பாதியாகாது. அதனால்தான் பலர் நாலு மாதத்துப் பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு, போத்தல் பாலோடு திரும்பி வருகிறார்கள். வந்தவளைப் பார்த்துத்தான் நாம் "எந்த நாளும் லீவு" என்கிறோம்.

இனி வருடாந்த லீவின் கதைக்கு வருவோம். நம் பெண்களிடம் சத்தமில்லாமல் களவு போவது அதில்தான்.

ஆசிரியருக்கு வருடத்துக்கு 41 நாள் லீவு. ஆணுக்கும் 41, பெண்ணுக்கும் 41. 84 நாள் பிரசவ லீவு இந்த 41இல் ஒரு நாளையும் தொடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு கணக்கு. எழுத்தில் இப்படித்தான். நடைமுறையில் என்ன நடக்கிறது? மசக்கையில் எழும்ப முடியாத நாள் 41இல் கழியும். மாதாந்தக் கிளினிக் 41இல் கழியும். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் 41இல் கழியும். பிள்ளை கிடைத்த பிறகு 2ஆம், 4ஆம், 6ஆம், 9ஆம், 12ஆம் மாதங்களில் தடுப்பூசி. தடுப்பூசி போட்ட அன்றிரவு காய்ச்சல், அடுத்த நாளும் லீவு. இதெல்லாம் ஒரு பெண் தனக்காக எடுக்கிற உல்லாச லீவா?

அதனால் ஒவ்வொரு கர்ப்பிணி டீச்சரும் ஒரு கணக்குப்பிள்ளையாக மாறி விடுகிறாள். இன்றைக்குக் கால் வீங்கியிருக்கு, ஆனாலும் போவோம், இந்த ஒரு நாளை பிள்ளை கிடைத்த பிறகுக்கு மிச்சம் வைப்போம் என்று பஸ் ஏறுகிறாள். கிண்ணியாவில் இருந்து மூதூருக்கோ ஈச்சிலம்பற்றைக்கோ, நகரத்தில் இருந்து குச்சவெளி தாண்டியோ போகிற பஸ் அது. குலுங்கிக் குலுங்கிப் போகும். எட்டாம் மாதத்தில் அந்தப் பஸ்ஸில் நிற்கிறவளைப் பார்த்து இடம் கொடுக்காதவர்கள்தான் பின்னேரம் அவள் லீவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இதற்கு மேல் சில அதிபர்மாரின் சொந்தச் சட்டம். "முதல்ல இருக்கிற லீவ எடுங்க, முடிஞ்ச பிறகு பிரசவ லீவுக்கு எழுதித் தாங்க." இப்படி ஒரு நிபந்தனை தாபன விதிக்கோவையில் கிடையாது. அதே சுற்றறிக்கையில் இருக்கிற வேறு இரண்டு விஷயத்தை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஐந்து மாதம் முடிந்த கர்ப்பிணி அரை மணி நேரம் பிந்தி வரலாம், அரை மணி நேரம் முந்திப் போகலாம். முழுச் சம்பள லீவு முடிந்து வந்தவள், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும் வரை ஒரு மணி நேரம் முந்திப் போகலாம். இதைக் கேட்டால் "நேரசூசி குழம்பும்" என்பார்கள். நேரசூசி குழம்பினால் ஒரு தாள் எடுத்துத் திருத்தலாம். மார்பு கட்டிக் காய்ச்சலோடு ஏழாம் பாடத்துக்கு நிற்கிறவளின் உடம்பை எந்தத் தாளில் திருத்துவது?

கடைப் பெண்ணின் கணக்கு இன்னும் மோசம். இரண்டாம் வருடத்தில் இருந்து அவளுக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமைய லீவு. பிரசவ லீவு இதற்கு மேலதிகமானது. ஆனால் "உனக்கு ஏற்கனவே 21 நாள் இருக்குத்தானே, அதையும் சேர்த்துத்தான் 84" என்று கூட்டிக் கழித்து 63ஆம் நாள் ஆளனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படி தவறு. கர்ப்பம் என்பதற்காக வேலையை நிறுத்துவதும் சட்டப்படி தவறு. மூன்றாவது பிள்ளை என்றால் 84 இல்லை, 42தான் என்று ஒரு காலம் சட்டமே சொன்னது. 2018இல் கொண்டுவந்த 14ஆம், 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டங்கள் அதையும் எடுத்துவிட்டன. முதல் பிள்ளையோ ஐந்தாவது பிள்ளையோ, 84தான். இது தெரியாத முதலாளிமாரும் இருக்கிறார்கள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவள் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம். ஆனால் போக மாட்டாள். முதலாளி பக்கத்துத் தெரு, அவர் மனைவி இவளுக்கு மாமி முறை. நம் ஊரில் சட்டம் தோற்கிற இடம் இதுதான்.

இப்போது மார்க்கத்துக்கு வருவோம். ஏனென்றால் இந்தக் கதையில் எங்களுக்கு அடிக்கடி மார்க்கம்தான் சொல்லித் தரப்படுகிறது.

தாயின் காலடியில் சுவர்க்கம் என்று எத்தனை பயான் கேட்டிருப்போம். சூரா பகராவின் 233ஆவது வசனம் பாலூட்டுவதற்கு இரண்டு முழு வருடங்களைப் பேசுகிறது. அதே வசனம், அந்தக் காலத்தில் தாயின் உணவையும் உடையையும் தகப்பன் மேல் பொறுப்பாக்குகிறது. பால் குடி மறக்கச் செய்வதானால்கூட இருவரும் கலந்து பேசி, இருவருக்கும் திருப்தியாக முடிவெடுக்கச் சொல்கிறது. சூரா லுக்மானின் 14ஆவது வசனம் தாய் பலவீனத்துக்கு மேல் பலவீனம் தாங்கிச் சுமந்ததை ஞாபகப்படுத்துகிறது. ஹஸ்ரத்மார் இதை நன்றாகவே சொல்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். என் கேள்வி ஹஸ்ரத்மாரிடம் இல்லை. முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிற நிர்வாக சபைகளிடம்தான்.

உங்கள் மத்ரஸாவில், உங்கள் முன்பள்ளியில் ஓதிக் கொடுக்கிற பெண்ணுக்கு எத்தனை நாள் லீவு எழுதி வைத்திருக்கிறீர்கள்? இரண்டு வருடம் பாலூட்டலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிற அவளுக்கு இரண்டு மாதமாவது உண்டா? சம்பளத்தோடு வேண்டாம், வேலையாவது மிச்சம் இருக்குமா? எத்தனை முஅல்லிமாமார் நாற்பதாம் நாளுக்கு முன்பே, "இடம் போயிடும்" என்ற பயத்தில் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியும். ஆண்கள் கூட்டத்தில் இது ஒரு நாளும் பேசப்பட்டதில்லை.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். 1919இல் சர்வதேச தொழில் அமைப்பு தொடங்கிய வருடமே மகப்பேற்றுக்கு ஒரு சமவாயம் நிறைவேற்றியது. அதில் சொன்னது 12 வாரம். இங்கே மகப்பேற்றுச் சட்டம் வந்தது 1939இல். அப்போது நம் துறைமுகம் பிரிட்டிஷ் கடற்படையின் கையில். அவர்கள் அதை விட்டுப் போனது 1957இல்தான். அதாவது அந்நிய ஆட்சிக் காலத்திலேயே, கூலிக்குப் போகிற ஒரு பெண்ணுக்குப் பிரசவ ஓய்வு வேண்டும் என்பது இந்த நாட்டில் சட்டமாக எழுதப்பட்டு விட்டது. நாம் இன்றைக்கும், அல்லாஹ்வின் வேதத்தை ஓதிக் கொடுக்கிறவளுக்கு ஒரு தாளில் ஒரு வரி எழுதவில்லை.

முதலாளிமார் தரப்பையும் நான் மறுக்கவில்லை. இலங்கையில் தனியார் துறைப் பிரசவக் கொடுப்பனவு முழுவதும் முதலாளியின் தலையில்தான். மூன்று பேர் வேலை செய்கிற சின்னக் கடையில் ஒருத்திக்கு மூன்று மாதச் சம்பளமும் கொடுத்து, பதிலுக்கு ஆளும் போடுவது லேசான காரியம் இல்லை. அதனால்தான் புதிதாகக் கல்யாணம் முடித்த பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்குகிறார்கள். பல நாடுகளில் இந்தச் செலவை சமூகக் காப்புறுதி நிதி ஏற்கிறது. தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் கட்டுகிற சின்னத் தொகையில் இருந்து கொடுக்கிறார்கள். இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று வர்த்தக சங்கங்கள் கேட்டால் நாங்களும் சேர்ந்து கேட்போம். ஆனால் அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல், பச்சை உடம்புக்காரியின் 21 நாளில் கை வைப்பது வியாபாரமும் இல்லை, ஆண்மையும் இல்லை.

பிள்ளைகளின் படிப்பு பாதிக்கிறது என்பதும் உண்மைதான். அதை ஒரு ஆசிரியையாக நான் மறைக்க மாட்டேன். நாலு மாதம் கணிதத்துக்கு ஆள் இல்லாத வகுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் குற்றவாளி யார்? பிரசவம் திடீரென்று வருகிற வெள்ளமா? ஐந்து மாதத்துக்கு முன்பே அதிபருக்குத் தெரியும், எழுதிக் கொடுத்தால் வலயத்துக்கும் தெரியும். இருந்தும் ஒவ்வொரு முறையும் அவள் போன பிறகுதான் "பதில் ஆசிரியர் இல்லை" என்று கண்டுபிடிக்கிறார்கள். 2017இல் இந்த மாகாணத்துப் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியில் உட்கார்ந்திருந்தார்கள். தொண்டர் ஆசிரியர்கள் வருடக்கணக்கில் நிரந்தர நியமனத்துக்குக் காத்திருந்த மாகாணம் இது. ஆளில்லாத ஊர் இல்லை நம்முடையது. ஒவ்வொரு வலயத்துக்கும் பிரசவ லீவுக்கு என்றே பதில் ஆசிரியர் குழு ஒன்றை வைக்கலாம். கிண்ணியா, மூதூர், திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கந்தளாய் என்று ஐந்தே வலயம்தான். மாகாணக் கல்வி அமைச்சும் திணைக்களமும் இதே திருகோணமலையில் இருக்கின்றன. அபிவிருத்திச் சங்கத்தில் எழும்பி நிற்கிற நானாமார் ஒரு வேன் பிடித்து அங்கே போய் இதைக் கேட்டதுண்டா? அங்கே பேச வேண்டியதை, பிள்ளை பெற்றவளின் முதுகுக்குப் பின்னால் பேசுகிறோம்.

இன்னொன்று. லீவு எப்போதும் அவளுடையதாகவே இருக்க வேண்டுமா? அரச ஊழியரான தகப்பனுக்கு மூன்று நாள் தந்தைமை விடுமுறை உண்டு. மூன்று நாள் போதாது, அது வேறு சண்டை. ஆனால் அந்த மூன்று நாளையும் எத்தனை பேர் எடுக்கிறார்கள்? எடுத்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் நின்றார்கள்? தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டு போக தகப்பனின் 41இல் ஒரு நாள் கழியக் கூடாதா? கிளினிக் அட்டையில் தாயின் பெயர் இருப்பதால் தகப்பனை உள்ளே விட மாட்டோம் என்று எந்த நர்ஸும் சொன்னதில்லை. கணவனும் மனைவியும் இரண்டு பேரும் டீச்சர் என்றால் அந்த வீட்டில் இருப்பது 82 நாள் லீவு. பிள்ளையின் காய்ச்சலை அந்த 82இலும் சமமாகப் பங்கு போடுங்கள். அப்போது "லேடீஸ் டீச்சர்மார்தான் எப்பவும் லீவு" என்ற பேச்சு தானாகவே குறையும்.

பக்கத்துத் தமிழ்நாட்டில் 2021 ஜூலையில் இருந்து அரச ஊழியர்களான தாய்மாருக்கு 12 மாத மகப்பேற்று விடுப்பு. இந்தியாவில் 2017 திருத்தத்துக்குப் பிறகு தனியார் துறையிலும் 26 வாரம். 2000ஆம் ஆண்டின் சர்வதேச சமவாயம் குறைந்தது 14 வாரம் கேட்கிறது. நாங்கள் வானத்தைக் கேட்கவில்லை. எழுதி வைத்த 84ஐ 84ஆகவே தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்.

டீச்சர்மாருக்கு: லீவுக்கு எழுதும்போது எந்தப் பிரிவின் கீழ் எடுக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். "பிரசவ விடுமுறை, முழுச் சம்பளம்" என்று எழுதுங்கள். பிரதி ஒன்றைக் கையில் வையுங்கள். வருட முடிவில் லீவுப் பதிவேட்டைப் பார்த்து, 84 நாளில் ஒன்றாவது 41இல் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கழித்திருந்தால் வாய்ப் பேச்சில் விடாமல் எழுத்தில் கேளுங்கள். அதிபருடன் சண்டை பிடிக்கத் தேவையில்லை, கடிதம் ஒன்று போதும்.

கடை முதலாளிமாருக்கு: 14ஐயும் 7ஐயும் 84இல் சேர்க்காதீர்கள். அது அவள் உழைத்த லீவு.

பள்ளி நிர்வாகங்களுக்கு: முஅல்லிமாவின் நியமனக் கடிதத்தில் 84 நாள் என்று ஒரு வரி எழுதுங்கள். நியமனக் கடிதமே இல்லையென்றால் முதலில் அதைக் கொடுங்கள். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஸகாத்தைத் தொடச் சொல்லவில்லை, அது வேறு மஸ்அலா, உலமாக்கள் பேசட்டும். பள்ளிக்குச் சொந்தமான கடை வாடகை இருக்கிறது, ஜும்ஆ வசூல் இருக்கிறது, வெளிநாட்டில் இருந்து பெயின்ட் அடிக்க அனுப்புகிற காசு இருக்கிறது. இந்த வருடம் மினாராவுக்குப் பெயின்ட் அடிப்பதை ஒத்திப் போட்டால் மினாரா விழுந்து விடாது. அந்தக் காசில் ஒரு முஅல்லிமா மூன்று மாதம் தன் பிள்ளைக்கு நிம்மதியாகப் பால் கொடுப்பாள். எந்த நன்மை மஹ்ஷரில் கனக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அபிவிருத்திச் சங்கத்து நானாமாருக்கு: அடுத்த கூட்டத்தில் எழும்புங்கள். எழும்பி "டீச்சர் ஏன் லீவு" என்று கேட்காமல், "பதில் டீச்சர் எங்கே" என்று கேளுங்கள். பிள்ளைகளின் படிப்பில் உண்மையான அக்கறை இருந்தால் இரண்டாவது கேள்விதான் வரும்.

ஒருத்தி பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிற நாள் ஓய்வு நாள் இல்லை. இரவு மூன்று மணிக்கு அவள் விழித்திருக்கிற நேரத்துக்கு எந்த வலயமும் வரவுப் பதிவேடு வைப்பதில்லை. அந்தப் பிள்ளை ஐந்து வயதில் நம் பாடசாலைக்குத்தான் வரப் போகிறது. அப்போது ஆரோக்கியமான பிள்ளையாக, பாடத்தில் கவனம் இருக்கிற பிள்ளையாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிற ஊர், அதன் தாய்க்குச் சேர வேண்டிய நாளை எண்ணிக் கொடுக்கட்டும்.

கருத்து வேறுபாடு இருந்தால் நாகரிகமாக எழுதுங்கள். பெயர் சொல்லி யாரையும் இழுக்காதீர்கள். கடையிலும் மத்ரஸாவிலும் வேலை செய்கிற உங்கள் ராத்தாமார், தங்கச்சிமார் பேஸ்புக்கில் இல்லையென்றால் இதை வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும்.

வஸ்ஸலாம்.